நான்சியிடம் பேசுகிறவர்கள்

“நீ நான்சியோட தங்கச்சியா?”

பதினோராம் வகுப்பின் முதல் நாள், பெயர் கூப்பிட்டு முடித்ததும் ஆங்கில டீச்சர் என்னை எழுப்பி நிற்க வைத்துக் கேட்ட கேள்வி இது. ஆமாம் என்று தலையாட்டினேன். டீச்சரின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்கானது இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு கணக்கு டீச்சர் கேட்டார். நூலகத்து சிஸ்டர் கேட்டார். பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கூடக் கேட்டார். கேட்ட எல்லோரும் முதலில் சந்தோஷப்பட்டார்கள். சில வாரங்களில் சலித்துப்போனார்கள். எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குப் பேச்சு வராது. தெரிந்த பதிலும் தொண்டையிலேயே நின்றுகொள்ளும். உன் அக்கா இப்படி இல்லையே என்று யாரும் சொல்லவில்லை, நல்லவர்கள். ஆனால் உட்கார் என்று அவர்கள் கையைக் காட்டும் விதத்தில் அது இருந்தது.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வயிற்றுவலி என்று படுத்தேன். உண்மையாகவே வலித்தது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றதும் வலி நின்றது. அப்படியே நானும் நின்றுவிட்டேன். மேட்டுப்பட்டியில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால், “அவளுக்கு ஒடம்பு ஒத்துக்கல” என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான்சி நிற்கவில்லை. பட்டம் முடித்து, கவுன்சிலிங் சைக்காலஜியில் மேல்படிப்பு சேர்ந்தாள். அப்பா ராயப்பராஜ் வேடசந்தூர் மில் பஸ் ஓட்டுகிறவர். பிறத்தியார் பேசுவதை உட்கார்ந்து கேட்க ஒரு படிப்பா, அதற்கு என் பஸ்ஸில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தால் போதுமே என்று சிரிப்பார். சிரித்தாலும் டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

முதல் பருவத்தில் அவர்களுக்குக் கேட்கப் பழகுவதுதான் பாடம். பழக ஆள் வேண்டும். வீட்டில் நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி கொதிக்கிற நேரத்தில், நான்சி அடுக்களையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவாள். நேருக்கு நேராகப் போடமாட்டாள், கொஞ்சம் கோணலாகப் போடுவாள். நேராகப் போட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்குமாம். போனில் ரெக்கார்டிங்கை அழுத்திவிட்டு, “சொல்லு செல்வி” என்பாள். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தபடி இருப்பாள். 

நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துவைப்பது சின்ன வயதிலிருந்து அவள் வழக்கம். கடைக்காரரிடம், டாக்டரிடம், சாமியாரிடம், எல்லோரிடமும் எனக்குப் பதிலாக அவள்தான் பேசுவாள். அந்த நான்சி இப்போது நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். நான் திணறி நின்றாலும் காத்திருந்தாள். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையைப் பற்றிச் சொன்னேன். முதலாளி மீரான் பாய் ஒரு நாள் வாடிக்கையாளர் முன்னால் திட்டியதைச் சொன்னேன். “எல்லாரும் பாக்குறப்ப திட்டினதும் உனக்கு வாய் அடைச்சுப்போச்சு” என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். என் வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்க நன்றாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்ட அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கிட்டே போனேன். அடுத்த வாரம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வாரம் முழுக்க மிஷினில் தாள் வைத்தபடியே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த ஞாயிறு நான்சி நாற்காலி போடவில்லை. வகுப்பில் மகேஸ்வரி மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: சொந்தக்காரர்களை வைத்துப் பழகக் கூடாது, மூடத் தெரியாததைத் திறக்கக் கூடாது. போனில் இருந்த ரெக்கார்டிங்குகளை என் கண் முன்னாலேயே அழித்தாள். “நல்லவேளை, நீ பெருசா ஒண்ணும் சொல்லல” என்றாள்.

அதன் பிறகு அவளிடம் வேறு ஆட்கள் பேசத் தொடங்கினார்கள்.

கல்லூரிக்குப் பின்னால் பழைய விடுதியின் மாடியில் ஒரு மையம் இருக்கிறது. ஊரில் யார் வேண்டுமானாலும் போய், படிக்கிற பிள்ளைகளிடம் இலவசமாகப் பேசலாம். மேடம் மேற்பார்வை பார்ப்பார். நான்சிக்கு அங்கே ஆட்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் வேடசந்தூர் மில் விடுதிக்குப் போய் அங்கிருக்கும் பெண்களிடமும் பேசினாள். யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் மூச்சு விடமாட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓரங்கள் மட்டும். அந்த நாட்களில் அவள் வளையல் போடமாட்டாள், சத்தம் கேட்குமாம். பையில் டிஷ்யூ பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள், அழுகிறவர்களுக்காக. எங்கள் வீட்டில் அழுதால் முந்தானையில் துடைத்துக்கொள்வோம். அந்தப் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும்.

வீட்டுக்கு வந்தால் காது தீர்ந்துபோனவள் மாதிரி இருப்பாள். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “செத்த நேரம் சும்மா இருடி, தலை வலிக்குது” என்பாள். முகம் தெரியாத அந்த ஆட்களை நானாகவே கற்பனை செய்துகொண்டேன். ஒருத்திக்குப் பெரிய கண்கள் வைத்தேன். ஒருத்திக்கு நன்றாகப் பேசும் வாய் வைத்தேன். ஒருத்தியும் என்னைப் போல இல்லை. அவர்கள் எல்லோருக்கும் என் அக்கா முழு நேரம் கிடைத்தாள். எனக்குத் தட்டு கழுவும் நேரம் கிடைத்தது.

அவர்களைவிடவும் எனக்குப் பிடிக்காதது புதன்கிழமைக் குழு. வாரம் முழுக்க அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, படிக்கிற பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, பெயர் ஊர் மாற்றி, தாங்கள் கேட்டதைப் பேசுவார்கள். எங்கே சரியாகச் செய்தோம், எங்கே தவறினோம் என்று மேடம் சொல்லித்தருவார். பிறகு மேடம் எழுந்து போனதும் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். கூடப் படிக்கும் பேகம்பூர் நஸீராவின் வீட்டிலிருந்து இடியாப்பம் வரும். முதல் வருடம் மில் விடுதியில் ஒரு பெண் செத்துப்போகப் போகிறேன் என்று நான்சியிடம் சொன்னபோது, மேடம் உடனே வந்து அந்தப் பெண்ணைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்தப் பெண் தேறிவிட்டாள். நான்சிதான் சோறு இறங்காமல் கிடந்தாள். அந்த வாரம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நஸீராதானாம். அந்தக் குழு இல்லை என்றால் படிப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பேன் என்று நான்சி அம்மாவிடம் சொன்னாள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். மடி எனக்கும் இருந்தது.

மாலையில் மொட்டை மாடிக்குப் போய் நஸீராவிடம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். செம்பட்டியில் இன்னொரு குழு இருப்பதைச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். அங்கே சார் ஒருவரே பேசுவாராம், பிள்ளைகள் கேட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியதுதானாம். நான்சி அப்படிச் சிரித்து வீட்டுக்குள் நான் பார்த்ததில்லை.

மையத்தின் அறிவிப்பு ஒரு நாள் எங்கள் கடைக்கே நகல் எடுக்க வந்தது. பேச நினைப்பவர்கள் வரலாம், சொல்வது வெளியே போகாது என்று போட்டிருந்தது. “படிக்காம எடும்மா, மிஷின் சூடாகுது” என்று மீரான் பாய் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்து முடித்தபோது எனக்கு யோசனை முழுதாக வந்திருந்தது. நான்சி வேடசந்தூர் போகும் வெள்ளிக்கிழமை மதியம், பாயிடம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். பெயரும் வயதும் மட்டும் கேட்டார்கள். மரியசெல்வி, பத்தொன்பது என்றேன். வீட்டில் நான் செல்வி. அப்பா பெயர் கேட்கவில்லை. யாரிடமாவது குறிப்பாகப் பேச விருப்பமா என்று கேட்டார்கள். நஸீரா என்று ஒருவர் நன்றாகக் கேட்பார் என்று சொன்னார்கள் என்றேன்.

நான்சியிடமிருந்து அவளைப் பறித்துக்கொள்ளத்தான் போனேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

நஸீரா நான் நினைத்ததைவிடக் குள்ளம். பூப்போட்ட துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தாள். “வாங்க மரியசெல்வி, உக்காருங்க” என்றாள். என்னை அதுவரை யாரும் ‘வாங்க’ என்று சொன்னதில்லை. நான்சி அளவுக்கு அவளுக்குப் பொறுமை இல்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்தது. கடிகாரத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டோமே என்று முகம் சிவப்பாள். நான் திணறி நின்றால் அவளுக்கும் சேர்த்து மூச்சு முட்டும். ஆனால் நான் சொல்வது அவளுக்குப் புதிதாக இருந்தது. நான் யாருடைய தங்கையும் இல்லை என்பதுபோல் கேட்டாள்.

அடுத்தடுத்த வெள்ளிகளில் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கேள்வி, வயிற்றுவலி, அக்கா கவுன்சிலிங் படிப்பது. எங்கே படிக்கிறார் என்று கேட்டாள். மதுரையில் என்று சொல்லிவிட்டேன். சிலிண்டர் பக்கத்து நாற்காலிகளைச் சொன்னேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அழுதேன். மேசையில் டிஷ்யூ இருந்தது. எடுத்தேன்.

நஸீரா இன்னொன்றை எடுத்து நீட்டினாள். பிறகு, “உங்க அக்கா தோத்துப்போகணும்னு நெனைக்கிறீங்களா, இல்ல உங்களத் திரும்பிப் பாக்கணும்னு நெனைக்கிறீங்களா?” என்றாள். கேட்ட உடனே நெற்றியில் அடித்துக்கொண்டாள். இதுவா அதுவா என்று இரண்டைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும் கேள்வி அவர்கள் கேட்கவே கூடாதாம். மேடம் கேட்டால் கொன்றுவிடுவார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரெண்டும் என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மாடியில் போனில் கேட்ட அதே சிரிப்பு. இப்போது எனக்குக் கிடைத்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு புதன்கிழமை நான்சி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். என்ன வெஞ்சனம் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா அவரைக்காயை வைத்ததையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியத்தில் நான் எங்கே போகிறேன் என்று கேட்டாள். கடைக்கு என்றேன். மேலே கேட்கவில்லை. மழை வரும்போல இருந்ததால் துணி எடுக்க மாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

“கேக்கக் கூடாதுதான்” என்றாள். “மேடத்துக்குத் தெரிஞ்சா என்னப் படிப்ப விட்டே அனுப்பிருவாங்க. இருந்தாலும் கேக்குறேன். நஸீராகிட்டச் சொன்னத எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

நான் கொடியிலிருந்து அப்பாவின் காக்கிச் சட்டையை எடுத்தேன்.

அன்றைய குழுவில் நஸீரா என் கதையைப் பேசியிருக்கிறாள். பெயரை மாற்றி, ஊரை ஆத்தூர் ஆக்கி, ஜெராக்ஸ் கடையைத் தையல் கடை ஆக்கிச் சொல்லியிருக்கிறாள். மாற்ற வேண்டியதை எல்லாம் சரியாகவே மாற்றியிருக்கிறாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அப்படியே சொல்லிவிட்டாள். அது பாடமாக இருந்ததால் விட மனம் வரவில்லையோ என்னவோ. மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவளை வைத்துப் பழகிவிட்டுப் பாதியில் நாற்காலியை எடுத்துப்போன ஒரு மாணவி; இதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன் என்று எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

“எல்லாரும் உச்சுக் கொட்டினாங்க” என்றாள் நான்சி. “நானும்தான் கொட்டினேன். என்ன அக்கா இவள்னு. சிலிண்டருன்னு சொன்ன பிறகுதான் எனக்கு விளங்குச்சு.”

அவள் குரல் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை, கோபப்பட்டாள்.

“அதுக்கு நான் என்னடி பண்ணணும்? உனக்காக மார்க்கக் கொறச்சு எடுத்திருக்கணுமா? நீ வயித்துவலின்னு படுத்த, எல்லாரும் விட்டுட்டாங்க. எனக்கு வலிக்குதுன்னா மாத்திரையக் குடுத்துப் பரீச்சைக்கு அனுப்பிவச்சாங்க. உன்னப் பாத்து எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது. நான்சி என்னைப் பார்த்து ஆசைப்பட ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தூறல் விழுந்தது. துணிகளைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒதுங்கினோம்.

“அவ உன்னப் பத்திப் பேசுறப்போ, என்னவிட அவளுக்கு உன்னத் தெரிஞ்சிருக்கு” என்றாள் மெதுவாக. “எனக்குப் பொறாமையா இருக்கு, செல்வி.”

அந்தச் சொல்லை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உடம்பெல்லாம் கேட்டது. இத்தனை வருடம் என்னிடம் மட்டும் இருந்த ஒன்று அவளிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொரு முறை சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

பிறகு அவள் நிதானமாகப் பேசினாள். நாளைக் காலையில் மேடத்திடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அந்தப் பெண் என் தங்கை என்று. சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். என்னை நஸீராவிடமிருந்து மாற்றி வேறு யாரிடமாவது அனுப்புவார்கள். இல்லை என்றால், நஸீரா என்னைப் பற்றிப் பேசும் அறையில் நான்சி இருக்கக் கூடாது என்பதால், அவள் புதன்கிழமைக் குழுவை விட்டுச் செம்பட்டிக்குப் போக வேண்டும். எதுவென்று முதலில் மேடம் என்னைத்தான் கேட்பார். என் விருப்பம்தான் நடக்கும்.

“நீ வேற யாருகிட்டயும் போக வேண்டாம்” என்றாள். “எங்கிட்டயே சொல்லு. படிப்புக்கு இல்ல. ரெக்கார்டிங் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அக்காவாக் கேக்குறேன். இனிமே எம்புட்டு நேரமானாலும் கேக்குறேன்.”

பதினோராம் வகுப்பிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். அது வந்துவிட்டது. நனைந்த முடியோடு, காக்கிச் சட்டையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்ததைப் போலவே என்னைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது தோன்றியது: நஸீராவிடம் நான் போகாமல் இருந்திருந்தால் இவள் இந்த மாடிக்கு வந்திருக்க மாட்டாள். நஸீராவிடம் இருக்கிற ஒன்றுதான் இவளுக்கு வேண்டும். அதை வாங்கிவிட்டால் மறுபடி தலை வலிக்கும். பொறாமை எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாதா. அல்லது அப்படி இல்லையோ, அவள் உண்மையாகவே கேட்டிருப்பாளோ. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னிடம் தைரியம் இல்லை.

“எனக்கு நஸீராதான் வேணும்” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சாச்சு.”

மழை விட்டதும் அவள் துணிகளை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மறுநாள் மேடம் எனக்குப் போன் செய்தார். அதையேதான் அவரிடமும் சொன்னேன். நான்சி அவர் பக்கத்தில் நின்றிருந்தாளோ என்னவோ, தெரியாது. தானும் பக்கத்தில் இருக்கும் நாள் என்பதால், இனிமேல் புதன்கிழமைகளில் வரச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை நான் சீக்கிரமே போய் மாடி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். குழு அறையின் கதவு திறந்திருந்தது. நான்சி தன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஏன் திடீரென்று செம்பட்டி, அந்தச் சாரிடமா போகிறாய், நான் என்னடி செய்தேன் என்று நஸீரா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்சி எதையும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. சொன்னால் நான் யார் என்று நஸீராவுக்குத் தெரிந்துவிடும், பிறகு தோழியின் தங்கையை நஸீரா பார்க்கக் கூடாது. இன்னும் இரண்டு பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஒருத்தி டிபன் டப்பாவில் எதையோ போட்டு நான்சியின் பைக்குள் வைத்தாள். நஸீரா அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான்சி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எங்கள் வீட்டில் யாரையும் அப்படி அவள் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு எரிந்தது.

நஸீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெஞ்சில் என்னைப் பார்த்ததும் குரலைச் சரிசெய்துகொண்டு, “வாங்க மரியசெல்வி, ரெண்டே நிமிஷம்” என்றாள். எதிர் அறைக்குள் போய் ஃபேனைப் போட்டாள்.

பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்சி வெளியே வந்தாள். அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச வந்தவர்களை வராந்தாவிலோ தெருவிலோ பார்த்தால், படிக்கிற பிள்ளைகள் தாங்களாகப் பேசக் கூடாது. வந்தவர் பேசினால்தான் பேசலாம். என் முன்னால் வந்ததும் அவள் நின்றாள். பையின் வாரைத் தோளில் ஏற்றினாள். அது நழுவியிருக்கவில்லை. அவள் கைகளில் வளையல் இல்லை. நான் அக்கா என்று கூப்பிட்டிருந்தால் போதும். அவளாக முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வாரை இன்னொரு முறை ஏற்றிக்கொண்டு, நான்சி படியிறங்கிப் போனாள்.